இரு வாய்க்கால் பாயும் வயல்

மன்ற மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும், பொருள் எதுவாயினும் ஆகுக என்று மலர்க்குழு நண்பர் சொல்லிப் போனார். சங்கப் பாடல்களின் நயம் பற்றி எழுத வல்லவர்கள் நம்முள் பலர் இருக்கிறார்கள். கணிதம் பயிலும் எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. ஆகவே என் பெரியம்மாவின் சிறுநீரகத்தைப் பற்றி எழுதுகிறேன். நகைக்க வேண்டா, சென்ற இரண்டு ஆண்டுகளில் நான் பாடநூலுக்கு வெளியே கற்றவற்றுள் பெரும்பகுதி அந்த உறுப்பைப் பற்றியதுதான்.

பொம்மசந்திரா நமக்குப் புதிய ஊரன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஊருக்குப் போகும் நம்மவர்க்கு, சந்தாபுராவுக்கும் அத்திப்பள்ளிக்கும் முன்னதாகப் பேருந்து சற்று நின்று மூச்சு வாங்கும் இடம் அது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் திறக்கப்பட்ட மஞ்சள் வழித்தட மெட்ரோவுக்கு அதுவே கடைசி நிலையம். ராஷ்ட்ரிய வித்யாலயா சாலையிலிருந்து பதினாறு நிலையங்கள். ஒருபுறம் தொழிற்பேட்டை, மறுபுறம் மருத்துவமனைகள். இதய நோய் மருத்துவர் தேவி ஷெட்டி 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய நாராயண ஹிருதயாலயா வளர்ந்து ஒரு சிறு நகரமே ஆகிவிட்ட இடமும் அதுதான். அங்கே காலை வேளையில் நின்று பாருங்கள். கையில் பெரிய ஸ்கேன் உறையோடு வங்காளிகள் வருவார்கள், அஸ்ஸாம்காரர்கள் வருவார்கள், நம் ஊர் வேட்டி கட்டிய பெரியவர்களும் வருவார்கள். தேநீர்க் கடையில் நான்கு மொழிகளில் கிரியேட்டினின் அளவு பேசப்படும்.

அந்த ஊர் மருத்துவமனைகளுள் ஒன்றில்தான் என் பெரியம்மா தம் மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்தார்.

அண்ணன் ஓசூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். முப்பது வயது நிரம்பவில்லை. கால் வீங்கிற்று, மூச்சு வாங்கிற்று. பார்த்தபோது இரு சிறுநீரகங்களும் சுருங்கிப் போயிருந்தன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அந்தப் பொறியோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. ஒரு கோடைநாளில் அவர் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, அது கரைந்துவிடக் கூடாதே என்று பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி எழுத விருப்பமில்லை.

பெரியப்பா இல்லை. கொடுக்கக்கூடியவர் இருவரே: பெரியம்மா ஒருவர், அண்ணனின் தங்கை மற்றொருவர். தங்கைக்கு அப்போது கைக்குழந்தை. பெரியம்மாவுக்கும் அண்ணனுக்கும் இரத்த வகை ஒன்றாக இருந்தது. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, வயது ஐம்பத்திரண்டு. வேண்டியதெல்லாம் பொருந்திவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்த வேளையில், இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் படம் வந்தது. நம்மில் பெரும்பாலோர்க்கு ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் ஒரு தமனி. பெரியம்மாவுக்கு இடப்புறம் இரண்டு, வலப்புறம் மூன்று.

முதலில் படத்தைப் பார்த்த ஓரிடத்தில், “வேறு யாரேனும் கொடுப்பவர் இருக்கிறாரா?” என்றார்கள். அவ்வளவே. பெரியம்மா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தம் உடம்பில் ஏதோ குறை இருக்கிறது, அந்தக் குறைதான் மகனுக்கும் வந்து சேர்ந்தது என்று அவர் மனத்தில் பட்டுவிட்டது. அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் ஜாதகத்தை எடுத்து வரச் சொன்னார். தங்கையோ, “நான் தருகிறேன்” என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெரியம்மா அதைக் கேட்டபோதுதான் கோபப்பட்டார். “நான் உயிரோட இருக்கையில அவ உடம்புல கத்தி படக்கூடாது கண்ணு” என்றார் என்னிடம்.

பின்னர்ப் பொம்மசந்திராவுக்குப் போனோம். அங்கிருந்த அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பெரியம்மா கேட்ட முதற் கேள்வி, “இது நோயுங்களா?” என்பது.

“நோயில்லை அம்மா. நூறு பேரைப் படம் பிடித்தால் இருபத்தைந்து, முப்பது பேருக்கு ஏதாவது ஒரு பக்கத்திலாவது ஒன்றுக்கு மேல் இருக்கும். படம் பிடிக்காதவரையில் யாருக்கும் தெரியாது” என்றார் அவர். கன்னடத்துக்காரர், தமிழில்தான் பேசினார்.

நண்பர்களே, நம் விடுதியில் ஓர் அறைக்கு நால்வர் இருக்கிறோம். கணக்குப்படி அறைக்கு ஒருவர் இப்படிப்பட்டவராக இருக்கலாம்.

ஏன் இவ்வாறு அமைகிறது என்று பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். கருவில் சிறுநீரகம் இப்போது இருக்கும் இடத்தில் தோன்றுவதில்லை, இடுப்புக்குழியில் தோன்றுகிறது. ஏறத்தாழ ஆறாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரத்துக்குள் அது மெல்ல மேலே ஏறி விலா எலும்பருகே வந்து சேர்கிறது. ஏறும் வழியெல்லாம் அந்தந்த உயரத்தில் மகாதமனியிலிருந்து புதிய குழாய்களைப் பெறுகிறது. பழையவை வாடி மறைகின்றன. வீடு மாறிக்கொண்டே போகும் குடித்தனக்காரர் பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வேளை ஒரு சாவியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடுகிறது. அந்த மறதிதான் பெரியம்மாவின் இரண்டாம் தமனி.

இதைவிட வியப்பான அமைப்புகளும் உண்டு. இரு சிறுநீரகங்களின் கீழ்முனைகளும் ஒட்டிக்கொண்டு குதிரை லாடம்போல ஆகிவிடுவது ஒன்று. ஏறத்தாழ ஐந்நூறு பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. ஒட்டிய அந்தப் பாலம், ஏறும் வழியில் குறுக்கே நிற்கும் ஒரு தமனியில் தடுக்கிக்கொள்வதால், லாடச் சிறுநீரகம் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதைச் சுமந்துகொண்டே எண்பது வயது வரை வாழ்ந்து, தமக்கு அப்படி ஒன்று இருந்ததை அறியாமலே போனவர் பலர். நூற்றில் ஒருவருக்குச் சிறுநீர்க் குழாய் இரட்டையாக இருக்கும். சிலருக்கு ஏறவே ஏறாமல் இடுப்பிலேயே தங்கிவிடும். இடப்புறச் சிரை மகாதமனிக்கு முன்னால் செல்வதற்குப் பதிலாகப் பின்னால் சுற்றிச் செல்வதும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய உடற்கூற்றறிஞர் யூஸ்டாச்சி சிறுநீரகத்தைப் பற்றி எழுதும்போது இத்தகைய வேறுபாடுகளையும் கவனித்து வரைந்திருக்கிறார். பாடநூற் படம் என்பது பெரும்பான்மையோரின் படம். எல்லோருடைய படமும் அன்று.

அப்படியானால் இரண்டு தமனிகள் இருந்தால் என்ன, இரண்டையும் இணைத்துவிட்டால் போகிறது என்று தோன்றும். எனக்கும் பெரியம்மாவுக்கும் அதை விளக்க மருத்துவர் ஒரு தாளில் வரைந்தார். அவர் விளக்கி முடிக்குமுன்பே பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. காவேரிப்பட்டினத்துப் பக்கம், கிருஷ்ணகிரி அணை வாய்க்கால் பாயும் நிலம் அவருடையது.

சிறுநீரகத்துத் தமனிகள் ஒன்றுக்கொன்று உதவுவதில்லை. கையில் ஒரு குழாய் அடைத்தால் பக்கத்துக் குழாய் வழியே இரத்தம் சுற்றி வரும். இங்கே அப்படியில்லை, ஒவ்வொரு தமனியும் தன் பங்கு நிலத்துக்கு மட்டுமே பாயும். அது அறுந்தால் அந்தப் பகுதி காய்ந்து மடியும். “மேவாய்க்கா தண்ணி கீவயலுக்கு ஏறாதுங்களா?” என்று பெரியம்மா கேட்டார். ஏறாது என்றார் மருத்துவர். அதிலும், கீழ்முனைக்குப் போகும் சிறிய தமனிதான் பெரும்பாலும் சிறுநீர்க் குழாயின் மேற்பகுதிக்கும் இரத்தம் கொடுக்கிறது. அதை விட்டுவிட்டால் அந்தக் குழாய் அழுகி, சிறுநீர் வயிற்றுக்குள் கசியும். மேல்முனைக்குப் போவது மிகச் சிறியதாக இருந்தால் சில வேளை கட்டிவிட்டு விடலாம். கீழ்முனைக்குப் போவதை மட்டும் விடக்கூடாது. பெரியம்மாவின் இடப்புறத்து இரண்டாம் தமனி கீழ்முனைக்குப் போவது. கடைமடை வாய்க்கால்.

“கடைமடைக்காரனைத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க” என்றார் பெரியம்மா. மருத்துவருக்கு அந்தச் சொல் புரியவில்லை, நான் விளக்கினேன். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவர் அந்தத் தமனியைக் கடைமடை என்றே சொன்னார்.

வலத்தைவிட இடத்தை ஏன் எடுத்தார்கள் என்றால், இடத்தில் இரண்டே தமனிகள், சிரையும் நீளம். உடலின் பெருஞ்சிரை வலப்பக்கமாக அமைந்திருப்பதால் இடப்புறச் சிரை நீண்டும் வலப்புறச் சிரை குட்டையாகவும் இருக்கும். நீளமிருந்தால் தைப்பது எளிது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி உண்டு: இரண்டில் மேலானது எதுவோ அது கொடுப்பவரிடமே நிற்க வேண்டும். பெரியம்மாவின் இரண்டும் ஏறத்தாழச் சமமாக வேலை செய்ததால் அந்தச் சிக்கல் எழவில்லை.

தைப்பது என்றேனே, அதற்கு ஒரு கதை உண்டு. 1894-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்துண்டு இறந்தார். அறுந்த பெருங்குழாயைத் தைக்க அன்று மருத்துவர்களால் இயலவில்லை. அந்நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் கேரல் என்னும் இளைஞருக்கு அது உறுத்திற்று. லியோன் பட்டுக்கும் பூவேலைக்கும் பேர்போன ஊர். அவ்வூர்ப் பூவேலைக்காரப் பெண்மணி ஒருவரிடம் மெல்லிய ஊசியும் நூலும் பிடிக்கக் கற்றுக்கொண்டார். இரத்தக் குழாய்களின் வாயோடு வாய் வைத்துத் தைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார்; 1912-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று உலகில் எங்கே சிறுநீரகம் மாற்றினாலும் அந்தத் தையலின் வழிவந்ததே கையாளப்படுகிறது. பரிசு பெற்றவர் பெயர் எல்லோர்க்கும் தெரிகிறது. பூவேலைக்காரப் பெண்மணியை யார் நினைக்கிறார்கள்?

1954 டிசம்பர் 23-இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்கு வைத்ததுதான் நிலைத்த முதல் வெற்றி. நம் நாட்டில் அந்த வெற்றி 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கிட்டியது. உயிரோடிருந்த உறவினர் கொடுத்தது. அந்தக் காலங்களில் இரு தமனிக்காரர் என்றால் தயங்குவார்கள். தையல் கூடினால் நேரம் கூடும்; நேரம் கூடினால் இரத்தமின்றிக் காத்திருக்கும் சிறுநீரகம் வாடும்; சிறிய தமனியில் இரத்தம் உறைந்து அடைக்கலாம். தயக்கத்துக்குக் காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்று கிடைக்கும் ஆய்வுகளும், ஒற்றைத் தமனியைக் காட்டிலும் பல தமனி உள்ளவற்றில் தொடக்கத்துச் சிக்கல்கள் ஓரளவு கூடுதல் என்றே சொல்கின்றன. ஆனால் ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கின்றன. இதை மருத்துவர் மறைக்கவில்லை. “நூற்றுக்கு நூறு என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

சட்டத்தின் வேலை ஒன்று இருந்தது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, விலைக்கு வாங்குவதோ வற்புறுத்தி வாங்குவதோ குற்றம். தாயும் மகனும் என்பதற்குச் சான்று, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் மேலும் சில சான்றுகள் என்று நான் தாலுகா அலுவலகத்துக்கும் பெங்களூருக்கும் பலமுறை அலைந்தேன். மருத்துவமனைக் குழுவினர் பெரியம்மாவைத் தனியே அழைத்துக் கேள்வி கேட்டார்கள். அதைப் படமும் பிடித்தார்கள். யாரேனும் உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்களாம். “கட்டாயப்படுத்தினது நான்தான், இவங்களைப் பூராவும்” என்று இவர் சொன்னாராம்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. அந்த வெளிநோயாளர் கூடத்தில் நான் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். கொடுக்க வந்தவர்களில் தாய்மார்களும் மனைவிமார்களுமே மிகுதி. பெற வந்தவர்களில் ஆண்களே மிகுதி. இது அந்த ஒரு கூடத்தின் காட்சி மட்டுமன்று. இந்தியா முழுதும் உயிரோடு கொடுப்பவர்களில் பெண்களே பெரும்பாலோர் என்பது பலரும் எடுத்துக்காட்டியிருப்பதே. என் பெரியம்மா மனமுவந்து கொடுத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அண்ணனுக்குப் பதிலாகத் தங்கைக்கு நோய் வந்திருந்தால், நம் குடும்பத்து ஆண்கள் எத்தனை பேர் முன்வந்திருப்போம் என்ற கேள்வியை நான் இன்னும் விடவில்லை. தங்கை அதை ஒருமுறை வாய்விட்டே கேட்டாள். யாரும் விடை சொல்லவில்லை.

அறுவை நாளன்று காலை ஏழு மணிக்குப் பெரியம்மாவை உள்ளே கொண்டு போனார்கள். வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சிறு துளைகள் வழியே கருவி செலுத்தி அவர் சிறுநீரகத்தைப் பிரித்தெடுத்தார்கள். எடுத்தவுடன் அது நேரே அண்ணனிடம் போகவில்லை. பனிக்கட்டி நடுவே வைத்த கிண்ணத்தில் இட்டு, குளிர்ந்த பாதுகாப்பு நீரைத் தமனி வழியே செலுத்தி இரத்தத்தை அலசினார்கள். இரண்டு தமனி என்பதால் இரண்டு வாய் வழியாகவும் அலச வேண்டும். ஒன்றின் வழியே போகும் நீர் மற்றதன் நிலத்துக்கு எட்டாது. அந்தக் கிண்ணத்தில் வைத்தே கண்ணாடி அணிந்து சில வேலைகளைச் செய்வதுண்டு. ஒரே அளவான இரண்டு தமனிகள் என்றால் கால்சட்டையின் இரு கால்கள் இடுப்பில் சேர்வதுபோல ஒன்றோடொன்று தைத்து ஒரே வாயாக்கிவிடுவார்கள். சிறியதைப் பெரியதன் விலாவில் தைத்துவிடுவதும் உண்டு. இறந்தவர் கொடுத்த சிறுநீரகமென்றால் மகாதமனியின் ஒரு துண்டோடு சேர்த்தே, அடிமண்ணோடு நாற்றைப் பிடுங்குவதுபோல, எடுத்துவிடலாம்; உயிரோடிருப்பவரின் மகாதமனியில் அப்படிக் கைவைக்க முடியாது.

பெரியம்மாவின் கடைமடைத் தமனி பெரியதிலிருந்து எட்டத் தள்ளி இருந்தது. இழுத்துத் தைத்தால் முறுக்கிக்கொள்ளும். ஆகவே, அண்ணனின் அடிவயிற்றுச் சுவரில் ஓடும் ஒரு சிறு தமனியைத் திருப்பிக் கொண்டுவந்து அதனோடு இணைத்தார்கள். பெரியதை இடுப்புத் தமனியில் தைத்தார்கள். புதிய சிறுநீரகத்தைப் பழையதன் இடத்தில் வைப்பார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்போம். 1951-இல் பாரிஸ் மருத்துவர்கள் காட்டிய வழியில் அது இடுப்புப் பள்ளத்தில் வைக்கப்படுகிறது. பழையவை இரண்டும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விடப்படும். ஆகவே அண்ணனுக்கு இப்போது மூன்று. கருவில் எங்கிருந்து ஏறத் தொடங்கிற்றோ, பெரியம்மாவின் சிறுநீரகம் ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து ஏறத்தாழ அந்த உயரத்துக்கே இறங்கி வந்திருக்கிறது.

பிற்பகலில் மருத்துவர் வெளியே வந்தார். பிடிப்பான்களைத் தளர்த்தியதும் மேற்பகுதி உடனே சிவந்ததாம். கீழ்முனை மட்டும் நீலம் பாரித்து நின்றதாம். வெந்நீரில் நனைத்த துணியை வைத்துக் காத்திருந்தார்களாம். “கடைமடைக்கும் தண்ணீர் வந்துவிட்டது” என்று தமிழில் சொன்னார். சிறுநீர் மேசையிலேயே வரத் தொடங்கிற்று என்று அதன் பிறகுதான் சொன்னார். என் தாயார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மயக்கம் தெளிந்த பெரியம்மாவுக்கு மகன் நலம் என்றதும் அடுத்த கேள்வி, “சின்னதும் ஓடுதா?” என்பதே. நான்காம் நாள் அவர் நடந்து வீட்டுக்கு வந்தார். அண்ணனுக்குப் பத்து நாள் ஆயிற்று. மூன்றாம் வாரத்தில் ஒருமுறை கிரியேட்டினின் ஏறி எங்களைக் கலங்க வைத்தது. மருந்தின் அளவை மாற்றியதும் இறங்கிற்று. அந்த மருந்து டாக்ரோலிமஸ். 1984-இல் ஜப்பானில் சுகுபா மலையடி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. பிறர் உறுப்பை உடல் எதிர்க்காதபடி அடக்கி வைப்பது அதன் வேலை. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் தவறாமல் விழுங்க வேண்டும். உறுப்பு இயங்கும் காலமெல்லாம். அண்ணன் கைப்பேசியில் அந்த இரு வேளைக்கும் மணி அடிக்கும். திருமண வீட்டில் தாலி கட்டும் நேரத்திலும் ஒருமுறை அடித்தது.

எல்லோர்க்கும் ஒரு பெரியம்மா இருப்பதில்லை. 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைக்கருகே விபத்தில் மூளைச்சாவு எய்திய ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் இறந்தோர் உறுப்புக்கொடை அவ்வாண்டில் ஒழுங்குபெற்று வளர்ந்தது. கர்நாடகத்தில் ஜீவசார்த்தகதே என்னும் அமைப்பு அந்தப் பணியைப் பார்க்கிறது. இறந்தவர் கொடுக்கும்போது யாருடைய உடற்கூறு எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரிந்து தேர்ந்தெடுக்க வழியில்லை. திறந்து பார்த்தால் இரட்டைத் தமனி இருக்கும், லாடச் சிறுநீரகம் இருக்கும். லாடத்தைப் பிரிக்காமல் முழுதாக ஒருவர்க்கே வைப்பதா, பாலத்தை வெட்டி இருவர்க்குக் கொடுப்பதா என்று அந்த இரவிலேயே முடிவு செய்தாக வேண்டும். சில மணி நேரமே கையில் இருக்கும். இரு வழியிலும் வெற்றி கண்டிருக்கிறார்கள். ஆனால் தைக்கும் கைக்குப் பழக்கம் இல்லாவிடில், வேண்டா என்று விட்டுவிடுவது எளிது. விட்டால் பட்டியலில் காத்திருப்பவர் இன்னும் காத்திருப்பார். நம் மருத்துவக் கல்லூரி நண்பர்கள் இதைப் படித்தால், அவர்களிடம் நான் கேட்பது: பயிற்சிக் காலத்தில் இந்தத் தையலைக் காண ஒரு வாய்ப்பு வந்தால், தூக்கத்தைப் பார்க்காதீர்கள்.

அண்ணன் இப்போது பட்டறைக்குத் திரும்பிவிட்டார். பளு தூக்கும் வேலை இல்லை, அளவு பார்க்கும் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பொம்மசந்திரா. பெரியம்மாவுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர்க்கு இரத்த அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அண்ணனின் நாளை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். பெரியம்மாவின் நாளை நான் குறித்து வைத்திருக்கிறேன். இவ்வாண்டு அது தை மாதத்தில், பொங்கல் கழித்து வரும் வெள்ளிக்கிழமை.